ஆளுக்கு இரண்டு வேளை

ஸ்டாடிஸ்டிக்ஸ் என்கிற பாடம் வைத்திக்குப்பத்துக்குள் நுழைந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம், மாசி மாதம். அதற்கு முன்னாலும் குப்பத்தில் எண்ணாமல் இல்லை. எத்தனை கட்டுமரம் போயிற்று, எத்தனை திரும்பிற்று என்று எண்ணுவார்கள். அதற்கு மேல் எதை எண்ணினாலும் கண் பட்டுவிடும் என்று விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு இந்தப் பாடத்தைக் கொண்டுவந்தவன் தெய்வசிகாமணி. ஆசைப்பட்டுக் கொண்டுவரவில்லை. காலேஜில் பி.ஏ. இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகள் எல்லார் தலையிலும் அதைக் கட்டியிருந்தார்கள்.

தெய்வசிகாமணிக்கு வயது பத்தொன்பது. பதிமூன்று வயது வரை பிரெஞ்சில் கணக்குப் போட்டவன். பிரெஞ்சுக்காரன் போய்க் கொடி மாறியதும் கணக்கும் இங்கிலீஷுக்கு மாறியது. இரண்டு பாஷையிலும் தப்பாகவே போட்டு, எப்படியோ தட்டுத்தடுமாறி, குப்பத்திலிருந்து காலேஜ் படியேறிய முதல் ஆள் என்ற பேரை வாங்கிவிட்டான். அப்பா கடலோடு போனவர். அம்மா அடுத்த வருஷமே காய்ச்சலில் போனாள். மிச்சம் அவனும் அவன் அக்கா பச்சையம்மாளும்தான். அக்கா கூடை தூக்கி மீன் விற்கிறவள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துப்போகாமல் ஆறே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். அந்த வாயை ஆறு மாதம் தாங்கினானே, அந்த மனுஷன் மகான் என்று எதிர்வீட்டுக் கொளஞ்சி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

லெக்சரர் ஜானகிராமன் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். 'ரேண்டம்' என்ற வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பக்தி வரும். அவர் போட்ட வேலை இதுதான்: ஒவ்வொரு மாணவனும் தன் ஊரில் நாற்பது வீடு எடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு என்று விசாரித்துச் சராசரி கண்டுபிடித்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். இருபது மார்க். ரெக்கார்டு இல்லாதவனுக்கு ஹால் டிக்கெட்டில் கையெழுத்து விழாது. கையெழுத்து இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. பி.ஏ. முடித்தவனுக்குப் புது சர்க்காரில் குமாஸ்தா வேலை கையில் வைத்த மாதிரி என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வருஷம் போனால் அக்காவின் தலையில் கூடை இன்னும் ஒரு வருஷம் ஏறி இறங்கும். அது அவனுக்கு நன்றாகவே தெரியும். அவனைக் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கெட்டவன் இல்லை, சோம்பேறி. ஒரு சாயங்காலம் கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து, நாற்பது வீட்டையும் மனசாலேயே விசாரித்து ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டான். பிறந்து வளர்ந்த இடம். எந்த வீட்டு அடுப்பு எப்போது எரியும், யார் வீட்டில் பழையது, யார் வீட்டில் சுடுசோறு என்பதெல்லாம் காற்று வாக்கிலேயே தெரியும். கொளஞ்சி வீட்டில் மூன்று வேளை. ஓட்டு வீட்டு வைத்திலிங்கத்துக்கு மூன்றரை என்றுகூடப் போடலாம், நியாயத்துக்குக் கட்டுப்பட்டு மூன்று என்று எழுதினான். செல்வாம்பாள் வீட்டில் இரண்டு. தெருக்கோடி வீட்டில் பிள்ளைகள் அதிகம், அங்கேயும் இரண்டு. தன் வீட்டுக்கு யோசிக்காமல் மூன்று போட்டான். மூன்று வேளையும் அவன்தானே சாப்பிடுகிறான், அதற்கு யாரைப் போய்க் கேட்பது?

ஜானகிராமன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த நாற்பது வீட்டை எப்படித் தேர்ந்தெடுத்தே?"

"தெரிஞ்ச வீடுங்க சார்."

"தெரிஞ்ச வீடா எடுத்தா அதுக்குப் பேர் சாம்பிள் இல்லை, ஊர் வம்பு" என்று சொல்லிப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். "ஊர்ல எத்தனை வீடு?"

"நூத்தியறுவது."

"நூத்தியறுபதுக்கும் சீட்டு எழுது. பானையில போட்டுக் குலுக்கி நாற்பது எடு. வந்த வீடு வந்ததுதான். பிடிக்கலைன்னு மாத்தக் கூடாது. உனக்குத் தெரிஞ்சதை எழுதாதே, அவங்க சொல்றதை எழுது. உன் வீடே வந்துதுன்னா நீ விசாரிக்கக் கூடாது, வகுப்பில வேற யாராவது வந்து விசாரிச்சுத் தாளை நேரா என்கிட்ட தரணும். திங்கட்கிழமைக்குள்ள வேணும். வியாழக்கிழமை வெளியூர்லேர்ந்து எக்ஸாமினர் வரார்."

வீடுகளின் பட்டியல் குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவரான நாட்டார் முருகையனிடம் இருந்தது. கோயில் வரிக்காக அவர் எழுதி வைத்திருந்தார். அதைக் கேட்கப் போனதுதான் தெய்வசிகாமணி செய்த தப்பு. பட்டியலை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குலுக்கியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. அவனோ எதற்கு என்று கேட்ட பெரியவரிடம் சீட்டு என்று சொல்லிவிட்டான்.

"சீட்டா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் முருகையன். "சீட்டுன்னா ஆத்தா முன்னாலதான்டா போடணும். வூட்ல குலுக்கற வயக்கம் நம்மகிட்ட ஏது?"

குப்பத்தில் சீட்டு என்றால் விளையாட்டு இல்லை. பெரிய வலை போடுவதற்கு யாருக்கு எந்த நாள் முறை என்பதை அம்மன் சந்நிதியில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். சீட்டில் பேர் வந்தால் அன்றைய கடல் உனக்கு. வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு கரையில் உட்கார வேண்டும். ஆக, சீட்டு விழுகிறது என்றால் யாருக்கோ ஏதோ கிடைக்கப்போகிறது என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் மஞ்சள் பூசிய பானை வந்தது. நூற்றறுபது சீட்டும் உள்ளே போயின. முருகையன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். ஜானகிராமன் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார், அவ்வளவு சுத்தமான ரேண்டம். ஓட்டு வீட்டு வைத்திலிங்கம் பேர் வந்தது. செல்வாம்பாள் பேர் வந்தது. முப்பத்தேழாவது சீட்டில் தெய்வசிகாமணி வீடே வந்தது.

"பாத்தியா!" என்று கத்தினார் கொளஞ்சி. அவர் பேர் கடைசி வரைக்கும் வரவில்லை. "தன் வூட்ட மட்டும் வுடல பாரு! என் சீட்ட நீ பானையிலயே போடலடா!"

"போட்டேன் மாமா. இதுல யாரு வேணா வரலாம். வர்றதுக்கும் காரணம் கெடையாது, வராததுக்கும் காரணம் கெடையாது."

"காரணம் கெடையாதா? அப்ப ஆத்தா எதுக்குடா அங்க குந்தினு இருக்கா?"

இதற்குப் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. அவன் நழுவினான்.

பொழுது சாய்வதற்குள் விஷயம் முற்றிவிட்டது. நாற்பது வீட்டுக்குச் சர்க்கார் நைலான் வலை கொடுக்கப்போகிறது என்று ஒரு கட்சி. வலை இல்லை, கல்வீடு என்று இன்னொரு கட்சி. எதுவானாலும் கஞ்சிக்கு இல்லாதவனுக்குத்தான் கொடுப்பான் என்பதில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேற்றுமை இல்லை. காலேஜ் பையன் வந்து எத்தனை வேளை சாப்பாடு என்று கேட்பான், யோசித்துச் சொல்லுங்கள் என்று வீட்டுக்கு வீடு சொல்லி வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை தெய்வசிகாமணி நோட்டோடு கிளம்பினான். முதலில் ஓட்டு வீடு. உள்ளே வஞ்சிரம் குழம்பு கொதிக்கிற வாசனை தெருவைத் தூக்கியது. வைத்திலிங்கம் வாசலிலேயே நின்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ஆளுக்கு எத்தினி வேளை மாமா?"

"ஒரு வேளதாம்பா. அதுவும் பழையது. வெங்காயத்துக்கே வழியில்ல."

"உள்ள கொயம்பு கொதிக்குதே."

"அது வெந்நி."

உனக்குத் தெரிந்ததை எழுதாதே, அவர்கள் சொல்வதை எழுது என்பது சாரின் கட்டளை. வாசனையை எழுத அட்டவணையில் கட்டமும் இல்லை. ஒன்று என்று எழுதினான். அடுத்த வீட்டிலும் ஒன்று. அதற்கடுத்த வீட்டிலும் ஒன்று. வாயில் இருந்த சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ஒரு பெரியம்மா ஒன்று என்றாள். செல்வாம்பாள் மட்டும் அரை என்று சொல்லிப் பார்த்தாள், அரை வேளை என்பது கணக்கில் வராது என்று கெஞ்சி ஒன்றுக்குக் கொண்டுவந்தான். பொழுது சாயும்போது முப்பத்தொன்பது வீட்டுக்கு முப்பத்தொன்பது ஒன்று. கட்டுமரத்தில் உட்கார்ந்து அவன் இட்டுக்கட்டிய பழைய கணக்கு ஏறக்குறைய சத்தியம். வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கி வந்த இந்தக் கணக்கு பச்சைப் பொய். ஆனால் முறை சரியாக இருந்தது.

மிச்சம் அவன் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சகாயசெல்வி ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். வகுப்பில் இருந்த இரண்டே பெண்களில் ஒருத்தி அவள். பழைய கோர்ட்டில் வேலை பார்த்த அப்பாவிடம் பாடம் கற்றதால் இன்றைக்கும் மனசுக்குள் பிரெஞ்சில்தான் எண்ணுவாள், உதடு அசைவது தெரியும். ஒரு கேள்வி கேட்கச் சொன்னால் அந்தக் கேள்வியைக் கடைசிச் சொல் வரைக்கும் கேட்கிற பிறவி.

பச்சையம்மாள் அன்றைக்குப் புடவையை மாற்றிக் கட்டிக்கொண்டு, பாயை உதறிப் போட்டு, தெருவே கேட்கிற மாதிரி வரவேற்றாள்.

"வாம்மா, வா. எங்க வூட்ல மூணு வேளயும் சோறுதான், எழுதிக்க! எங்களுக்கு ஒருத்தன் வலையும் வாணாம், வூடும் வாணாம். எந்தம்பி காலேஜில படிக்கறான்!"

வாசலில் நின்ற கொளஞ்சி தலையில் அடித்துக்கொண்டு போனார். ஊரே ஒரு வேளை என்று சாதித்துக்கொண்டிருக்கும்போது இவளுக்கு மட்டும் கொழுப்பைப் பார் என்று அவர் மனைவி சுலோசனா சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

"தம்பி, போயி அந்தப் பொண்ணுக்குக் கலர் வாங்கியா" என்று அக்கா அவனை வெளியே அனுப்பினாள். அவன் போய்க் கோலி சோடாவோடு திரும்பி வந்தபோது சகாயசெல்வி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். சோடாவைக் குடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்தாள்.

"தாளை சார்கிட்ட நேரா குடுத்துடறேன். உங்களுக்குச் சராசரி மட்டும் போதும் இல்ல? ரெண்டுன்னு எழுதிக்குங்க."

"ரெண்டா? அக்கா மூணுன்னு சொன்னத நானே கேட்டேனே."

"ரெண்டு" என்றாள் அவள்.

ராத்திரிச் சோற்றில் உட்கார்ந்தபோது அவன் அக்காவிடம் கேட்டான். அவள் வழக்கம்போல கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு கணக்குல எதனா தப்பு பண்ணியிருக்கும். நீ சாப்புடு."

"நீ?"

"நான் அப்பறம் சாப்புட்டுக்கறேன்."

நான் அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்பதை அவன் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். முதலில் அம்மா சொன்னாள், பிறகு அக்கா சொன்னாள், குப்பத்தில் எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களும் சொன்னார்கள். அந்த அப்புறம் எப்போது வருகிறது என்று எந்த ஆம்பளையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. கையைக் கழுவிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அவனும் போனான். போகிற வழியில், இத்தனை கெட்டிக்காரியான சகாயசெல்விக்கு மூன்றும் மூன்றும் கூட்டி இரண்டால் வகுக்கத் தெரியவில்லையே என்று வருத்தப்பட்டான்.

வியாழக்கிழமை எக்ஸாமினர் வந்தார். கிழவர். மூக்குப்பொடி வாசனை அவருக்கு முன்னால் அறைக்குள் வந்தது. தெய்வசிகாமணியின் நோட்டைப் புரட்டினார். ஒன்று, ஒன்று, ஒன்று என்று விரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"என்னய்யா இது, பட்டாளத்திலகூட இப்படி எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிட மாட்டானே!"

"ஹோமோஜீனியஸ் கம்யூனிட்டி சார்" என்றார் ஜானகிராமன் பெருமையோடு. "பக்கா ரேண்டம் சாம்பிள். கோயில்ல வச்சு எடுத்திருக்கான்."

விரல் முப்பத்தேழில் வந்து நின்றது.

"இங்க மட்டும் ரெண்டு. யாரு இந்தப் பணக்காரன்?"

"பையன் வீடேதான் சார். அதனால வேற மாணவியை வச்சு விசாரிச்சோம். இதோ தாள்."

கிழவர் தாளைப் பிரித்துக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு சத்தமாகவே படித்தார்.

"வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர். ஆண், வயது பத்தொன்பது, மாணவன். மூன்று வேளை. பெண், வயது இருபத்தொன்பது, மீன் வியாபாரம். ஒரு வேளை, ராத்திரி மட்டும். சராசரி இரண்டு." தாளைக் கீழே வைத்தார். "கணக்கு சரி. இதை விசாரிச்ச பெண் ஒருத்திதான் ஆளு ஆளாக் கேட்டிருக்கா, நீ வீட்டுக்கு ஒருத்தரைக் கேட்டே. இருக்கட்டும். இப்ப நீ சொல்லு. இந்த வீட்டில ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடறார்?"

சராசரியாக இரண்டு சார் என்று சொல்ல வேண்டியதுதான். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, வகுப்பில் பத்துத் தடவை சொல்லி மனப்பாடம் செய்திருந்தான். சொன்னால் பாஸ். ஆனால் நூற்றறுபது வீட்டு அடுப்பையும் வாசனையாலேயே படிக்கத் தெரிந்தவனுக்கு, தன் வீட்டு அடுப்புக்கு முன்னால் நின்றவள் வெறும் வயிற்றோடு நின்றது தெரியவில்லை. அவனுடைய அந்த முதல் நோட்டில், அந்தப் பொய்க் கணக்கில், மற்ற எல்லாம் ஏறக்குறைய சத்தியமாக இருந்து, தப்பாக இருந்தது ஒரே ஒரு வீடுதான். அவனுக்கு அவமானமாக இருந்தது. அந்த அறையிலேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல இருந்தது.

"என்னய்யா, எத்தனை வேளை?"

"அந்த வூட்ல ரெண்டு வேளை சாப்புடறவங்க யாரும் இல்ல சார்."

கிழவர் மேஜையைத் தட்டினார். "சபாஷ்! ஒரு வாரமா ஊர் ஊரா இந்தப் பதிலுக்குத்தான் அலையறேன். சராசரியைச் சொல்லத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர். அது எதை மறைக்கும்னு சொல்லத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். எங்கேய்யா கத்துக்கிட்டே?"

ஜானகிராமன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். இருபதுக்கு இருபது விழுந்தது. காலேஜில் அதுவரைக்கும் யாரும் வாங்காத மார்க் என்று வெளியே வந்ததும் பையன்கள் முதுகில் குத்தினார்கள். தாழ்வாரத்தில் நின்ற சகாயசெல்வி மட்டும் கிட்டே வரவில்லை. அவன்தான் போனான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்ட காட்ட வேணாம்னு அவங்க கேட்டுக்கிட்டாங்க. பொய்யா எழுதுன்னு கேக்கல, அதான் எழுதினேன்" என்றாள். பிறகு தயங்கி, "உங்களுக்கு எத்தனை வேளைன்னு உங்க அக்காவை நான் கேட்டதும் ரொம்ப நேரம் சிரிச்சாங்க. இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையாம்" என்றாள்.

மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தபோது கூடை வாசலில் கவிழ்ந்திருந்தது. அக்கா சோறு வடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"இருவதுக்கு இருவது. ஹால் டிக்கெட்லயும் கையெழுத்து போட்டுட்டாங்க."

பச்சையம்மாள் தெருப்பக்கம் திரும்பி, சுலோசனாவுக்குக் காதில் விழுகிற மாதிரி அதை இன்னொரு தடவை சொன்னாள். பிறகு தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டாள். அவன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். அதுவரை பார்த்ததில்லை. தட்டில் விழுந்ததுதான் பானையில் இருந்தது. அந்த வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு தட்டுச் சோறு. காலையில் அவனுக்கு ஒன்று, மத்தியானம் அவனுக்கு ஒன்று, ராத்திரி இரண்டு பேருக்கும். அதற்கு மேல் இல்லை.

அவன் தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"நீ சாப்புடு."

"ஏன்டா, ஒடம்பு சரியில்லியா?"

"சர்க்கார் நோட்டுல எழுதியாச்சுக்கா. இந்த வூட்ல ஆளுக்கு ரெண்டு வேளைன்னு. எக்ஸாமினர் கையெழுத்து போட்டுட்டாரு. நாளைக்கு எவனாவது வந்து பாத்தான்னா பொய்யாயிடும்."

பச்சையம்மாள் யாருக்கும் பயப்படாதவள். ஆனால் தம்பி படிக்கிற நோட்டின் மேல் தவறிக் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். அந்த நோட்டில் எழுதியது பொய்யாகிவிடும் என்றதும் அவளால் தட்டைத் திருப்பித் தள்ள முடியவில்லை. அந்தப் பெண் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பது புரிந்து, அவளைத் திட்ட வாயெடுத்து, திட்டவும் முடியாமல் உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். உடனே கையை நிறுத்தினாள்.

"அப்ப நீ?"

தெய்வசிகாமணி எழுந்து போய் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டான்.

"நான் அப்பறம் சாப்புட்டுக்கறேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாழாய்ப்போனவனே, படித்துப் படித்து உனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். கடைசிப் பருக்கை வரைக்கும் அவன் அங்கேயே நின்று பார்த்தான். கொளஞ்சி வாசலில் வந்து நின்று, நைலான் வலை எப்போது வருகிறது என்று கேட்டார். தெரியாது என்றான். ஜானகிராமனின் அட்டவணையில் முப்பத்தேழாவது வீட்டின் சராசரி அன்றைக்கும் இரண்டுதான்.